மரைக்காயர் மகாலில் தங்கிவிட்ட மௌனம்

மௌன அஞ்சலி முடியவில்லை. கோளாறு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

தொடக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது. வெள்ளாந்தீவு சனநாயக முன்னணியின் செயற்குழு, அதாவது ஜெயிக்கவேண்டிய தேர்தலில் ஓட்டை எண்ணும் முன்பே ஆட்சியை ராணுவத் தளபதியிடம் பறிகொடுத்துவிட்டுப் படகேறி, கடலுக்கு இந்தப் பக்கம் சிப்பிப்பட்டணம் என்கிற அயல்நாட்டுத் துறைமுக ஊரில் ஒண்டிக்கொண்டு, வருசக்கணக்காகத் தீர்மானம் நிறைவேற்றுவதையே பிழைப்பாக வைத்திருந்த நாங்கள், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மரைக்காயர் மகால் என்ற கல்யாண மண்டபத்தில் கூடினோம். அன்று சவேரியின் நினைவு நாள். ஓட்டை எண்ணு என்று துறைமுகத்துப் பாரந்தூக்கியின் உச்சியில் ஏறி நின்று கத்தி, கத்திக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு விழுந்த பையன். எங்கள் இயக்கத்தின் முதல் சாவு. தலைவர் பரஞ்சோதி எழுந்து, "தியாகச் செம்மல் சவேரிக்கு மௌன அஞ்சலி" என்றார். எல்லோரும் எழுந்தோம்.

எங்கள் கட்சியில் ஒரு வழக்கம். மௌனத்தைத் தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். "நன்றி, அமரலாம்" என்று அவர் சொன்னால்தான் உட்காரலாம். பரஞ்சோதி நடுவில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரே செயலாளர் ஆதிமூலம் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு முகம் சிவந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார், தன் ஆட்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வெளிநடப்புச் செய்தார். உலகத்தில் எந்த அவையிலும், எந்தக் கட்சியிலும், மௌன அஞ்சலியின் நடுவில் எவனும் வெளிநடப்புச் செய்ததில்லை. எங்கள் தலைவர் செய்தார்.

மிச்சமிருந்தவர்கள் ஆதிமூலத்தைப் பார்த்தோம். அவர் முடித்துவைத்தால், பரஞ்சோதி தொடங்கியதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். முடிக்காமல் உட்கார்ந்தால், தியாகியை அவமதித்தார் என்று மறுநாளே துண்டறிக்கை வரும். ஆகவே நின்றார். அவர் ஆட்களும் நின்றார்கள். நான் உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் வலி.

அந்த மண்டபத்து இரும்பு நாற்காலி உட்கார்ந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கிரீச்சிடும். அன்று கிரீச்சிடவில்லை. தலைக்கு மேல் விசிறி சுற்றியது, சத்தம் இல்லை. "போங்கய்யா, இதெல்லாம் ஒரு கட்சியா" என்று சொன்னேன். வாய்தான் அசைந்தது. ஒவ்வொருவராக நழுவி வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் லாரி ஹாரனும் ஆதிமூலத்தின் வசவும் காதில் விழுந்தன.

சாயங்காலம் கதவைப் பூட்ட வந்த சேகு மரைக்காயர், சாவிக்கொத்தைக் கீழே போட்டார், எடுத்தார், மறுபடி வேண்டுமென்றே போட்டுப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"கயிலாயம் அண்ணே, உள்ள என்னத்த விட்டுட்டுப் போறீங்க?"

"மௌன அஞ்சலி."

"எடுத்துட்டுப் போங்கண்ணே. விடிஞ்சா செட்டியார் வீட்டுக் கல்யாணம்."

"முடிக்க ஆள் வேணும். ஆள் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்."

"எப்ப வருவாரு?"

"அவர் கோபத்த நீங்க பாத்ததில்ல."

விடிந்தது. கல்யாணம் நடந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதினார், தவில்காரர் தோள் குலுங்க அடித்தார், ஐயர் வாய் ஓயாமல் மந்திரம் சொன்னார், பெண்கள் குலவையிட்டார்கள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. தாலி கட்டும் நேரம் தெரியாமல் மாப்பிள்ளை விழித்தான், பெண் தன் கழுத்தைத் தானே குனிந்து காட்டினாள். பந்தியில் ரசம் ஆறிப்போயிற்று என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். செட்டியார் வீட்டு மூன்று தலைமுறைக் கல்யாணங்களையும் கெடுத்த தொண்டை அது. வாயைத் திறந்தார், கையை வீசினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார், எதிர்வரிசையில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சற்று நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்து பாயசம் கேட்டு விரலைக் காட்டினார். சம்பந்திச் சண்டை இல்லாமல் சிப்பிப்பட்டணத்தில் நடந்த முதல் கல்யாணம் என்று அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்கப் பேச்சு.

அப்புறம் மௌனத்தை எடுத்துட்டுப் போங்க என்று மரைக்காயர் கேட்கவில்லை.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. பழகிக்கொண்டது என்பதுகூடச் சரியில்லை, அது அங்கேயே பிறந்து வளர்ந்தது மாதிரி எடுத்துப் புழங்கத் தொடங்கியது. முகூர்த்தம் இல்லாத நாட்களில், வயிற்றுவலியில் வீறிடும் கைப்பிள்ளைகளைத் தாய்மார்கள் உள்ளே தூக்கிவந்து போட்டார்கள், அதுகள் முகம் சிவக்க அழுது, அழுவது தமக்கே கேட்காததில் திகைத்து, திகைப்பிலேயே தூங்கின. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். குறட்டைக்காரப் புருசனைக் கூட்டிவந்து பக்கத்தில் படுத்து ஒரு பகல் முழுக்கத் தூங்கி எழுந்த ஒருத்தி, வாசலில் நின்று மரைக்காயரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பி, எதிரெதிரே உட்கார்ந்து வாய் வலிக்கத் திட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் என்ன திட்டினாய் என்று ஒருவரையொருவர் கேட்க வெட்கப்பட்டு ஒரே சைக்கிளில் போனார்கள். தெருப்பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளரை வாசலிலிருந்து உள்ளே உருட்டுவது விளையாட்டு, படியைத் தாண்டும் இடத்தில் சத்தம் கத்தரித்தாற்போல் அறுந்துவிழும், அதைக் கேட்டு ஓவென்று கத்துவார்கள், மரைக்காயர் விரட்டுவார். நாதஸ்வரக்காரர் மட்டும் இனி இங்கே வாசிப்பதில்லை என்று சபதம் போட்டார், பிறகு ஒருநாள் தனியாக வந்தார், யாரும் கூப்பிடாமல், மேடையில் உட்கார்ந்து நெடுநேரம் ஊதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கேட்டதற்கு, "இன்னிக்குத்தான்யா சரியா வந்துச்சு" என்றார். எவனுக்குத் தெரியும்.

கடைசி வரிசையில் ஒரு பெண்பிள்ளை வந்து படுப்பாள். ஐஸ் பேக்டரியில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவாள், ஈரச் சேலையோடு சுவரைப் பார்த்துப் படுப்பாள், எழுந்து போவாள். எங்கள் தீவுக்காரி. உப்பளத்து அகதி முகாமில் இருந்தாள். கட்சி சுவரொட்டியில் வருசம் ஒருமுறை அவள் படம் வரும். படத்துக்குக் கீழே 'வீரத்தாய்' என்று இருக்கும். சவேரியின் அம்மா.

ஊரில் எல்லோருக்கும் அந்த மௌனம் உதவியது. எங்களுக்கு மட்டும் உதவவில்லை. எங்களுக்கு வேலையே பேச்சு.

எனக்கு அவசரம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் மங்கை தீவில் கோட்டைச் சிறையில் இருந்தாள். பள்ளிக்கூட வாத்திச்சி. தேர்தல் அன்று ஓட்டுச்சாவடிப் பொறுப்பில் இருந்தவள், ராத்திரி ராணுவம் வந்து ஓட்டுப்பெட்டியைக் கேட்டபோது அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெட்டியோடு சேர்த்துத் தூக்கிப்போனார்கள். அவளுக்கும் அவளோடு உள்ளே இருந்தவர்களுக்கும் தூக்கு. எப்போது என்பதுதான் பாக்கி.

அது எட்டு நாட்டு அவையின் கையில் இருந்தது. எங்கள் கடலைச் சுற்றி எட்டு நாடு. எட்டும் வருசத்துக்கு ஒருதரம் கூடும், நடுவில் இருக்கிற எங்கள் தீவுக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு, ஆட்சி பறிபோனதிலிருந்து அது காலி. அதில் எங்கள் தீவின் நாற்காலியில் தன் ஆளை உட்காரவைக்கவேண்டும் என்று தளபதி கேட்டுக்கொண்டிருந்தான், பரிசீலிக்கிறோம் என்று அவர்கள் வருசாவருசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இந்த வருசம் முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நாற்காலி கிடைத்தால் கோட்டையைக் காலிசெய்துவிடுவேன் என்று தளபதி வானொலியிலேயே சொன்னான். எப்படிக் காலிசெய்வான் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்காலி கிடைக்காவிட்டால் பயப்படுவான், அவன் அரிசியும் மண்ணெண்ணெயும் அந்த எட்டு நாட்டுத் துறைமுகங்கள் வழியாகத்தான் போகவேண்டும்.

முடிவெடுக்கும் முன் எங்களையும் கேட்க அவை ஒரு தூதுக்குழு அனுப்புகிறது என்று போன் வந்தது. ஒரே நிபந்தனை. தனித்தனியாகக் கேட்கமாட்டார்கள். தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறீர்கள், கேட்டு அலுத்துவிட்டோம், முழுக்குழுவும் ஒன்றாகக் கூடி ஒருவர் பேசட்டும் என்றார்கள். நியாயமான பேச்சு.

ஒருவர். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

முதலில் மௌனத்தை முடிக்கப் பார்த்தோம். பரஞ்சோதி வீட்டுக்கு நான் போனேன்.

"வாங்க, வந்து அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லிட்டுப் போங்க."

"ஆதிமூலம் மன்னிப்புக் கேக்கட்டும்."

"மண்டபத்துல கேட்டா உங்களுக்குக் கேக்காது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

வந்தார். மாலை போட்டு நாலு பேர் அழைத்துவர வந்தார். மேடையேறி "நன்றி, அமரலாம்" என்றார். உதடு அசைந்தது, அவ்வளவுதான். ஆதிமூலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பில் கேவலம் கூடுதல். பிறகு அவர் ஏறிச் சொல்லிப் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றேன். யார் வலப்பக்கம் நிற்பது என்று பேசி முடிக்கவே மழைக்காலம் போயிற்று. கடைசியில் சேர்ந்து சொன்னார்கள். விசிறி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

வேறு இடத்தில் கூடுவோம் என்று ஆதிமூலம் யோசனை சொன்னார். உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கொட்டகையில் கூடினோம். எல்லோரும் வந்துசேர்ந்து உட்கார்ந்ததும் காற்று நின்றது, மூட்டை தூக்குகிறவர்களின் ஏலேலோ நின்றது, மௌனம் எங்களைத் தேடி நடந்தே வந்துவிட்டது. கூட்டம் முடியாமல் கிடக்கிறது அல்லவா, கூட்டம் எங்கேயோ மௌனமும் அங்கே. அதே நேரம் மகாலில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு வீட்டாரும் கேட்காது என்ற தைரியத்தில் சிரித்த முகத்தோடு ஒருவரையொருவர் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தபோது, திடீரென்று எல்லாம் கணீரென்று கேட்டிருக்கிறது. மரைக்காயர் சைக்கிளில் வந்து இறங்கினார். பேச வாயைத் திறந்து, முடியாமல், என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனார்.

"அண்ணே, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? மண்டை ஒடஞ்சு நாலு பேரு ஆஸ்பத்திரில. மௌனத்தத் தூக்கிட்டு இப்படி அலையாதீங்க. வேணும்னா முன்கூட்டிச் சொல்லுங்க, முகூர்த்தம் பாத்து அனுப்புறேன்."

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எங்களைப் பார்த்தால்தான் வந்தது. நாங்கள் கலைந்ததும் மௌனம் மகாலுக்கே திரும்பிப்போயிற்று.

தூதுக்குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் குறிப்பு எடுக்கிறவர்கள். பேசுகிறவள் ஒரு அம்மாள், வடக்கே மலைநாட்டுக்காரி, நரைத்த குட்டை முடி, ஊன்றிக்கொள்ள ஒரு குடை. எங்கள் கரையோரப் பேச்சைத் துறைமுகத்து வேலையில் கற்றுக்கொண்டவள். மகாலில் முன்வரிசையில் உட்காரவைத்தோம். மௌனத்தைப் பற்றி வாசலிலேயே சொன்னேன். தலையாட்டினாள், மரியாதைக்கு ஏதோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

பரஞ்சோதி எழுந்து பேசினார். கேட்காது என்று தெரிந்தும் பேசினார். சமாதானம், சனநாயகம், அண்டை நாடுகளின் தார்மிகக் கடமை, எல்லாவற்றுக்கும் அவருக்குத் தனித்தனிக் கையசைப்பு உண்டு, பழகிய எங்களுக்குக் கையைப் பார்த்தே எந்தப் பத்தியில் இருக்கிறார் என்று தெரியும். அவர் உட்காரும் முன்பே ஆதிமூலம் எழுந்து பேசினார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மலைநாட்டம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்துத் தூங்குகிறவளைப் பார்த்தாள். அவளைத்தான் நெடுநேரம் பார்த்தாள்.

வாசலுக்கு வந்ததும் சொன்னாள். "ரொம்ப ஒழுங்கான கூட்டம். இத்தனை நாடு பாத்திருக்கேன், இப்படி நிம்மதியா எங்கயும் உக்காந்ததில்ல."

"அம்மா, உங்களுக்கு எதாவது கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப அவைல என்ன சொல்லுவீங்க?"

"எதுவும் கேக்கலன்னு. தளபதியோட ஆள் நல்லா கேக்குற மாதிரிப் பேசறார்." குடையைத் தரையில் ஊன்றினாள். "நாளைக்கு மத்தியானம் எங்களுக்குக் கப்பல். அதுவரைக்கும் இருக்கேன், பெரியவரே. நான் கேக்கத்தான் வந்தேன்."

தலைவரும் செயலாளரும் படியிலேயே யார் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே திரும்பிப் போனேன். அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருக்களித்து, கையைத் தலைக்குக் கொடுத்து, வாய் லேசாகத் திறந்து, துக்க வீட்டில் எல்லோரும் போனபிறகு தூங்குகிற மாதிரி.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

எங்கள் தீவில் துக்க வீட்டுக்குப் போனால் போனவன் பேசக்கூடாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் நிற்கவேண்டும். வீட்டுக்காரர் பார்த்து, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் உட்காரலாம், பேசலாம், அழலாம். அவர்கள் பேசும்வரை நின்றாகவேண்டும், பகல் முழுக்க நின்றவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் துக்கத்தைக் கூட்டமாக்கிவிட்டோம், கூட்டம் என்றால் தலைவர்தானே முடிக்கவேண்டும்.

ஐஸ் பேக்டரி வாசலில் காத்திருந்தேன். இயந்திரம் அலறுகிற அலறலில் காது அடைத்தது. அவள் கையில் ஐஸ்கட்டி உடைக்கிற கொக்கியோடு வந்தாள்.

"தாயி, நீதான் முடிச்சு வைக்கணும்."

"எத?"

"அந்த மௌனத்த."

"நானா ஆரம்பிச்சேன்?"

"துக்க வீட்டுல மொதல்ல பேசுறது யாரு?"

கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஓ. அது துக்கம்னு இப்பத்தான் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

அவள் பார்வை என் செருப்புக்குப் போயிற்று.

"எத்தனை வருசமாச்சு. என் வாசல்ல ஒருத்தன் செருப்பக் கழட்டியிருக்கானா? என் மூஞ்சிய செவுத்துல ஒட்டுனீங்க, மாடு தின்னுச்சு. என் புள்ள கடைசியா கத்துனத டேப்புல புடிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் மைக்குல போடுறீங்க. உப்பளம் வரைக்கும் கேக்குது. அவன் செத்தது ஒரு தடவ பெரியவரே. எனக்கு மட்டும் அவன் மாசாமாசம் சாவுறான்."

"இப்பப் போடுறதில்ல."

"போட முடியல, அதனால போடல. மகாலுக்குப் போனாத்தான் என் காதுக்குள்ள அந்தக் கத்தல் ஓயுது. அங்க மட்டுந்தான் தூங்குறேன்." சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "உங்க எல்லார் வாயையும் மூட வச்சது என் புள்ள. உசுரோட இருக்கும்போது முடியல அவனால, செத்து முடிச்சிருக்கான். நான் எதுக்குத் தொறந்துவிடணும்?"

சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் நிறையச் சொல்லியிருப்பான். நான் சொன்னது இதுதான்.

"என் மக உசுரோட இருக்கா."

இயந்திரம் அலறிக்கொண்டே இருந்தது. அவள் கொக்கியின் முனையைத் துணியில் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"பேரு?"

"மங்கை."

"ஓட்டுப்பெட்டி மேல ஏறி ஒக்காந்த டீச்சரா?"

"ஆமா."

"என் புள்ள அந்தப் பெட்டிய எண்ணத்தான் கத்துனான்." கொக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "காலைல வரச் சொல்லுங்க. எல்லாப் பயலையும். செருப்பு வெளிய இருக்கணும். மாலை கீலைன்னு எவனாவது வந்தா, சொல்லிட்டேன், வீட்டுல மீனறுக்குற அருவா இருக்கு."

போய்ச் சொன்னேன். பரஞ்சோதி, கட்சித் தலைவர் முகாம் குடிசைக்குப் போவதா, வீரத்தாயை மேடைக்கு அழைத்துக் கௌரவிப்போம் என்றார். ஆதிமூலம், போவதானால் செயலாளர் அழைப்பின் பேரில்தான் போகவேண்டும் என்றார். இருவர் கையிலும் இருந்த காபி டம்ளரைப் பிடுங்கி வாசலில் ஊற்றினேன். "என் மக செத்தா, அவளுக்கு நீங்க மௌன அஞ்சலி செய்யக்கூடாது" என்றேன். காலையில் வந்தார்கள்.

உப்பளத்து முகாமில் தகரக் குடிசைகள், நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. செயற்குழு மொத்தமும் அந்தச் சந்தில் செருப்பைக் கழற்றியது. கடைசி ஆள் வந்து நின்றதும் மௌனமும் வந்துசேர்ந்தது. கோழி கொத்துவது கேட்கவில்லை. அடுத்த குடிசை வானொலி அறுந்தது. முகாம் சனங்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்த்ததும் புரிந்துகொண்டு அவர்களும் வந்து நின்றார்கள், எங்கள் தீவுச் சனம் அல்லவா, யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மலைநாட்டம்மாளும் வந்திருந்தாள், நான்தான் கூட்டிவந்தேன். எங்களைப் பார்த்துத் தானும் பூட்ஸைக் கழற்றினாள்.

உள்ளே அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. களைந்த தண்ணீரைச் சாய்த்தாள், சத்தமில்லாமல் விழுந்தது. உலையில் போட்டாள். அடுப்பை ஊதினாள். எங்களுக்காக அவள் ஒரு காரியத்தையும் வேகமாகச் செய்யவில்லை. பரஞ்சோதி காலை மாற்றி மாற்றி நின்றார். ஆதிமூலத்தின் கண் தன்னையறியாமல் மணிக்கட்டுக்குப் போய், பாதி வழியில் திரும்பி வந்தது. என் முழங்கால் தீப்பிடித்த மாதிரி இருந்தது, நான் அன்று உட்காரவில்லை. வெயில் ஏறிற்று. கஞ்சி பொங்கிற்று, இறக்கிவைத்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், வாசலுக்கு வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், என்னிடம் வந்தபோது சற்று நின்றாள்.

"உக்காருங்க" என்றாள்.

கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. கோழி கொக்கரித்தது, வானொலி விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கிற்று, எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. உட்கார்ந்தோம். சந்தில், மண்ணில், வரிசையாக. பரஞ்சோதி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அழுது முடித்ததும் தொண்டையைக் கனைத்தார். "எட்டு நாட்டு அவையின் மாண்புமிகு பிரதிநிதி அவர்களே" என்று எழப்போனார்.

"நீ இரு" என்றாள் அவள்.

இருந்தார்.

மலைநாட்டம்மாள் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாள். அத்தனை வருசத்தில் சவேரியின் அம்மாவிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அந்த அம்மாள்தான் என்று நினைக்கிறேன். இவள் சொன்னாள். பிறகு மலைநாட்டம்மாள் கேட்டாள், "நீங்க எங்ககிட்ட என்ன கேக்குறீங்க?"

"எம்புள்ளயக் கேக்கல. அவன் போயிட்டான். இந்தப் பெரியவரு மக உசுரோட இருக்கா. அவகூட இருக்கிறவங்களும் உசுரோட இருக்காங்க. அந்த நாற்காலிய அவனுக்குக் குடுத்தீங்கன்னா கொன்னுருவான். குடுக்காதீங்க." சற்று யோசித்தாள். "ஓட்டுப் போட்டோம். எண்ணச் சொல்லுங்க. வேற என்ன?"

"வேற ஒண்ணும் இல்லயா?"

"இவங்க சொல்லுவாங்க நிறைய. அதெல்லாம் இதுதான்."

மலைநாட்டம்மாளின் ஆட்கள் குறிப்பெடுத்தார்கள். ஒரு மூச்சில் எழுதி முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். இல்லை. கஞ்சி கொடுத்தாள், குடித்துவிட்டுக் கப்பலுக்குப் போனார்கள்.

அந்த வருசம் அவை கூடியது. நாற்காலி காலியாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். தளபதி வானொலியில் கத்தினான். அரிசிக் கப்பல் ஒன்று தாமதமானது, கத்துவதை நிறுத்தினான். தூக்கு நிறுத்திவைக்கப்பட்டது. மங்கை இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். ஆனால் இருக்கிறாள். ஓட்டுகளை இன்னும் எவனும் எண்ணவில்லை.

மகாலுக்குச் சத்தம் திரும்பிவந்துவிட்டது. நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன, தாய்மாமன்கள் இலையைத் தள்ளிவிட்டு எழுகிறார்கள், கைப்பிள்ளைகள் விடாமல் அழுகின்றன. மரைக்காயர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னொரு தடவ கூட்டம் போடமாட்டீங்களாண்ணே?" என்பார். போடுகிறோம். தலைவர் அணி ஒன்று, செயலாளர் அணி ஒன்று. அந்த மௌனத்தை முடித்துவைத்த சாணக்கியம் தன்னுடையது என்று இரண்டு அணியும் தனித்தனியாகத் துண்டறிக்கை விட்டிருக்கின்றன. இரண்டிலும் அவள் படம் இருக்கிறது, இரண்டிலும் கீழே 'வீரத்தாய்' என்றுதான் இருக்கிறது. சவேரி கத்துகிற டேப்பை மட்டும் நான் எடுத்துவந்து, அவள் கண்ணெதிரே அந்த அடுப்பில் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழக்கத்தில் மகாலுக்கு வருகிறாள், கடைசி வரிசையில் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள், தெருச்சத்தத்தில் கண்ணைத் திறந்தபடி கிடந்துவிட்டு எழுந்து போகிறாள்.

பெரிய மனிதர்கள் பெயர் எல்லாம் பத்திரிகையில் வந்துவிட்டது. முடித்துவைத்தது அவர்கள் இல்லை. உப்பளத்து முகாமில் இருக்கிறாள், ஐஸ் பேக்டரியில் வேலை, சவேரியின் அம்மா.

பெயர் மதலேனாள்.